மூன்றாம் பந்தி

நாத்தனார் பெற்ற செல்வங்களே, வாழ்க! உங்கள் தாய்மாமனைக் கட்டியவளுக்கு ஒருவேளை சோறு போட்டதுண்டா, அவள் முகமாவது தெரியுமா என்றெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களைக் கேட்காது. அவளுக்குப் புருஷன் இல்லையா? பிள்ளை இல்லையா? உயில் எழுதாமல் செத்தாளா? போதும். பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கட்டுக்கதை அல்ல இது. 1955-இல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். மூன்றே மாதத்தில் கணவனைப் பாம்பு தீண்டியது. தாலி அறுத்த கையோடு அவளையும் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். பிறந்த வீடு படிக்க வைத்தது. வேலைக்குப் போனாள். வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் காசு சேர்த்தாள். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தாள். பெற்ற தாய் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டுப் போனால், நாற்பது வருடம் தலைகாட்டாத புகுந்த வீடு எதிரே வந்து நின்றது. 2009-இல் உச்ச நீதிமன்றம் நாத்தனார் மகன்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பரிவை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாதாம்.

பதினைந்தாம் பிரிவு பரிமாறும் அழகைப் பாருங்கள். முதல் பந்தியில் பிள்ளைகளும் கணவனும். இரண்டாம் பந்தியில் கணவனின் வாரிசுகள். பெற்றவளும் தகப்பனும் மூன்றாம் பந்தி. அதற்குள் அண்டா கவிழ்ந்திருக்கும். செத்தது மகனாக இருந்தால்? தாய்க்கு முதல் பந்தியிலேயே, மருமகளுக்குப் பக்கத்து இலை. அவன் சம்பாத்தியத்தில் பங்கு கேட்டுக் கொழுந்தியாள் மகன் எவனும் படியேற முடியாது.

இன்னொரு வேடிக்கை. அப்பன் வழியில் வந்த சொத்தென்றால், பிள்ளையில்லாதவள் போனதும் அது அப்பன் வாரிசுகளிடமே திரும்பிவிடும். அவள் வேர்வையில் விளைந்த சுயார்ஜிதம் மட்டும், அவளைத் துரத்திய வாசலைத் தேடிப் போகும்!

1956-இல் எழுதியவர்கள், பெண்ணுக்கு ஏது சம்பாத்தியம் என்று நினைத்திருக்கலாம். மகளுக்குச் சம உரிமை என்று முரசறைந்த 2005 திருத்தத்துக்கு என்ன வந்தது? இந்தப் பிரிவை அது தொடவே இல்லை. 2008-இல் சட்ட ஆணையமே திருத்தச் சொன்னது, கேட்க ஆளில்லை.

"உயில் எழுதியிருக்கலாமே" என்பீர்கள். மகன் எதுவும் எழுதாமலே அவன் தாய்க்கு இலை விழுகிறது. மகள் மட்டும் பெற்றவளுக்கு இடம்பிடிக்கப் பத்திரம் எழுதிவிட்டுத்தான் சாக வேண்டுமா?

போகட்டும், செல்வங்களே. மாமனைக் கடித்த பாம்பின் புற்றைத் தேடிப் பால் ஊற்றுங்கள். உங்கள் சொத்துக்கு மூலப்பத்திரம் அதுதான்.