ஸ்வெட்டருக்குக் கை எப்போது முளைக்கும்?

டொரொண்டோ குளிரில், இந்தக் கிறிஸ்துமஸுக்கு மனைவிக்குத் தன் கையாலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவது என்று ஒரு கணவர் நவம்பர் நடுவில் முடிவெடுத்தால், அவருடைய அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சந்தேகிக்க வேண்டியது அவருடைய வாய்ப்பாட்டை. நடுத்தரக் கம்பளி நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுமார் 20 கண்ணி, அதே உயரத்துக்கு 28 வரிசை விழும். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர், அக்குள் வரை உயரம் 40 என்று வைத்துக்கொண்டால் 22,400 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் பழகிய கைக்கே பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இதில் கழுத்து வரவில்லை; கைகள் இன்னும் முளைக்கவே இல்லை. நம்மவரோ ஊசியை எந்தக் கையில் பிடிப்பது என்பதையே யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதிலும் அவருக்குப் பிடித்துப்போனது நெஞ்சில் மான் துள்ளும் மாதிரி.

நாளைக் கொஞ்சம் தாராளமாக ஒதுக்கினால் போயிற்று என்பார்கள். அதையும் சோதித்தாயிற்று. பூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தனக்கு வரப்போகிற நாசத்தைக்கூட மனிதன் தள்ளுபடி விலையில்தான் மதிப்பிடுகிறான். சரி, ஜனவரியிலேயே தொடங்கலாமே? தொடங்கலாம். ஆனால் ஜனவரியில் தொடங்குகிறவர் ஸ்வெட்டரோடு நிற்பாரா? கையுறை, கழுத்துத் துணி, மாமியாருக்கு ஒரு சால்வை என்று திட்டமும் கூடவே ஒரு வருஷம் வளரும்.

நேரத்தையா பார்ப்பது, உழைப்புதானே பரிசு என்பது அடுத்த வாதம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. அந்த உழைப்புக்கான நேரம் எங்கிருந்து வருகிறது? அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கண்ணி எண்ணும் மாலைகளில் பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வாசல் பனி எல்லாம் பரிசைப் பெறப்போகிறவர் தலையில். விலையை அவரே தவணையில் கட்டுகிறார். எதற்கு என்று கேட்கவும் கூடாது, ரகசியமாம்! இத்தனைக்கும் பிறகு பொருளின் மதிப்பென்ன? நார்ட்டன், மோச்சன், ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், காகிதத்தில் கொக்கு மடித்தவர்கள் தங்கள் கொக்கை நிபுணர் மடித்ததற்கு இணையாக மதித்தார்கள். மற்றவர்களுக்கு அது ஏறக்குறைய கசங்கிய காகிதம். பாதியில் நின்ற வேலை என்றால் செய்தவருக்கே அந்த மோகம் வருவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. டிசம்பர் 24 இரவில் கையில்லாத ஸ்வெட்டர் அந்த ரகம்.

கடைப் பரிசில் மனம் இருக்காது என்ற பயமும் கணவருக்கு வேண்டாம். பரிசுகளால் மதிப்பு வீணாவதைக் கணக்கிட்ட பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல், காதலரும் நண்பரும் தரும் பரிசில்தான் அந்த இழப்பு மிகக் குறைவு என்று 1993இல் எழுதினார். பயப்பட வேண்டியது தூரத்துச் சித்தப்பாக்கள். கையால் செய்தே தீருவேன் என்றால் குல்லா போதும்: 50 சென்டிமீட்டர் சுற்று, 20 உயரம், 5,600 கண்ணி. தட்டுத்தடுமாறிப் பின்னினாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும். உச்சியில் குஞ்சம் வைப்பதைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.