வட்டக்கச்சிக் கூரைகளில் பூசணிக்கொடி: ஒரு பூர்வாங்க ஆய்வு

கூரைப் பயிர்ச்செய்கை நகரத்தாரின் கண்டுபிடிப்பு என்பதே அறிஞர் துணிபு. ஆதாரமும் உண்டு. மொன்றியலில் லூஃபா நிறுவனம் 2011இல் கட்டடக் கூரைமேல் வணிகப் பசுங்குடில் அமைத்தது. தமிழ்நாட்டு அரசு 2013-14இல் சென்னை, கோவை மாடிகளுக்குத் தென்னைநார்க் கழிவும் விதையும் மானியத்தில் கொடுத்தது. தாய்லாந்தின் தம்மசாத் பல்கலைக்கழகமோ 2019இல் 22,000 சதுரமீற்றர் கூரையைப் படிப்படியாக வெட்டி நெல்லே விதைத்துவிட்டது.

வன்னியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வட்டக்கச்சிக்காரரிடம் இதைச் சொன்னால், "ஏன், கீழ காணி இல்லையோ?" என்பார். அவருடைய குசினிக் கூரையில் பூசணிக்காய் கிடப்பதை அவர் ஆய்வுப்பொருளாகக் கருதுவதில்லை.

நகர முறையின் தீராத தலைவலி பாரம். ஈரமண் ஒரு கனமீற்றர் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. கூரை அதைத் தாங்குமா என்று பொறியியலாளரைக் கேட்க வேண்டும், ஒழுக்குக்குப் பூச்சு பூச வேண்டும். வன்னி முறையில் மண் மேலேறுவதே இல்லை. கழுவுதண்ணீர் விழும் குசினிப் பின்புறத்தில் விதையை ஊன்றி ஒரு தடியைச் சாத்திவிட்டால், மீதிப் பிரயாணம் கொடியின் சொந்தச் செலவு. 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தில், வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியில், வன்னியில் எழுந்த வீடுகளுக்குச் சரிவுக் கூரைதான். மொட்டைமாடி இல்லையே என்று பூசணி முறைப்பாடு செய்ததாகத் தகவல் இல்லை.

இனி வரலாறு. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானா என்கிறது பழமொழி. ஆகவே கூரையில் முதலில் குடியேறியது கால்நடை வளர்ப்பு. மரக்கறி பிந்தியே ஏறியது. கல்வெட்டு ஏதும் அகப்படும்வரை இதை மறுப்பது கடினம்.

இலங்கை அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 யூனில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை அனுமதித்தது. பூசணி மற்ற ஆறு நாளும் படர்ந்தது.

கூரைப் பூசணிக்கு வலுவான எதிர்வாதம் ஒன்றே: குரங்கு. கூரை அதன் பிரதான வீதி. 2025 மார்ச் 15 அன்று, காலை 8.00 முதல் 8.05 வரை, பயிரழிக்கும் குரங்கு, மயில், மரஅணில்களை நாடெங்கும் எண்ணினார்கள். ஐந்து நிமிடத்தில் இத்தனை பெரிய ஆய்வை முடித்ததற்கு இக்கட்டுரையாளரின் பொறாமை கலந்த வணக்கம். அடுத்த முறை படிவத்தில் கூரைக்கென்று ஒரு நிரல் சேர்க்குமாறு கமத்தொழில் அமைச்சைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வீட்டுக்காரர் ஏணியை எட்டும் தூரத்தில் வைத்திருக்கட்டும்.