மூணு தங்கம், ரெண்டு ஜோடி, ஒரே இரினா

கம்பம் பள்ளத்தாக்கில் ஐஸுக்கு மூன்று உபயோகம்தான் உண்டு. மீன் பெட்டியில் கொட்டலாம், குச்சியில் செருகி விற்கலாம், காரியம் ஆக வேண்டிய ஆளுக்கு வைக்கலாம். அதன்மேல் கத்தி பதித்த பூட்ஸோடு ஏறி நின்று, கூட ஆடும் ஆண்பிள்ளை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, விழுந்தால் மண்டை பிளக்கும் உயரத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கலாம் என்ற நான்காவது உபயோகத்தை நமக்குக் காட்டியது ‘சோவியத் நாடு’ பத்திரிகை.

வழவழ காகிதம், கலர் படம், அடிமாட்டு விலை. படித்தவர்களைவிட அதைக் கிழித்துப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்கள் அதிகம். இங்கே சிவப்புத் துண்டுக்கும் பஞ்சமில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய்க் கட்சிக்குப் பாடிய பூமி. ஆக, ரஷ்யாவில் டிராக்டர் ஓட்டும் பெண்ணும், ராக்கெட் ஏறிய பெண்ணும், ஐஸில் சறுக்கும் பெண்ணும் நமக்கு ஏறக்குறைய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தாம். அந்த மூன்றாவது பிள்ளை, இரினா ரோட்னினா.

1949இல் மாஸ்கோவில் பிறந்தவர். சிறுவயதில் நிமோனியா மாற்றி நிமோனியா, கூடவே காசநோய். நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, கற்பூரவள்ளிச் சாறு புகட்டி, மார்கழி முடியும்வரை வாசற்படி தாண்ட விடமாட்டோம். ரோட்னினாவைப் பெற்றவர்களோ, நெஞ்சில் சளி கட்டிய பிள்ளையை உறைபனியில் கொண்டுபோய் நிறுத்தி, “ஓடு” என்றார்கள். பிள்ளை பிழைத்தது. கற்பூரவள்ளி கோபித்துக்கொள்ளக் கூடாது.

வளர்ந்தும் ஐந்தடிதான். அந்த உருவத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் முதல்வரிசை, லுட்மிலா பெலோசோவாவும் ஓலெக் புரோட்டோபோபோவும். 1964, 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கணவன் மனைவி. அவர்கள் ஆட்டம் அன்னநடை. கண்ணில் நீர் வரும். ராணுவ கிளப்பின் பயிற்சியாளர் ஸ்தானிஸ்லாவ் ஜுக் கண்ணீரை நம்பாத ஆசாமி. இரினாவையும் அலெக்ஸி உலானோவையும் ஜோடி சேர்த்து, அன்னத்தை விரட்ட ரெண்டு புயலைக் கிளப்பிவிட்டார். வேகம், அதன்மேல் தாவல், அதன்மேல் இன்னும் வேகம். 1969 உலகப் போட்டியில் புயலுக்குத் தங்கம், அன்னத்துக்கு வெண்கலம். ‘இது கலையா, கழைக்கூத்தா’ என்று பெரியவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நடுவர்கள் மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தங்கத்தை எடுத்து நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள ரஷ்ய இலக்கியம் படிக்க வேண்டாம். ‘கரகாட்டக்காரன்’ பார்த்திருந்தால் போதும். பண்ணைப்புரத்துக் கங்கை அமரன் 1989இல் எடுத்த படம். இந்தக் குழுவில் ஆடுகிறவனுக்கு எதிர்க்குழுவில் ஆடுகிறவள்மேல் காதல். ரஷ்யாவில் இந்தக் கதை பதினேழு வருஷம் முன்னாலேயே ஓடிவிட்டது, செந்தில் கவுண்டமணி இல்லாமல். உலானோவின் மனசு எதிர்ஜோடியின் லுட்மிலா ஸ்மிர்னோவா பக்கம் சறுக்கியது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் இரினாவும் உலானோவும் தங்கம். ஸ்மிர்னோவாவும் அவர் ஜோடி சுராய்கினும் வெள்ளி. மேடையில் நின்ற இந்த நாலு பேரில் இரண்டு பேர் சந்தோஷத்துக்கு மெடல் காரணமில்லை.

அடுத்த மாதமே கனடாவின் கால்கரியில் உலகப் போட்டி. முந்தின நாள் பயிற்சியில் உலானோவ் தூக்கிய தூக்கிலிருந்து இரினா தலைகுப்புற விழுந்தார். மூளையில் அதிர்ச்சி, ரத்தக்கட்டு, ஆஸ்பத்திரி. தூக்கியவர் கண் யார்மேல் இருந்தது என்று ஊர் என்னென்னவோ பேசியது. பேசாவிட்டால் அது ஊரா? மறுநாள் இரினா எழுந்து வந்து, தலைசுற்றலோடு ஆடி, தங்கம் வாங்கினார். தலை சுற்றுவதும் தான் சுற்றுவதும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கும் என்பது என் விஞ்ஞானம்.

உலானோவ் ஸ்மிர்னோவாவைக் கட்டிக்கொண்டு அவரோடே ஆடப் போனார். நல்லா இருக்கட்டும். ஆனால் கதையில் ஒரு பாவி இருக்கிறார்: சுராய்கின். அவரைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

இரினாவுக்கு ஜுக் புதிதாகப் பிடித்துவந்த ஆள் லெனின்கிராடுக்காரர் அலெக்சாண்டர் ஜைட்செவ், சுமார் இருபது வயசு. உலக சாம்பியனுக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத பையன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1973இல் கொலோன் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இந்த ஜோடிக்குப் பன்னிரண்டு 6.0. அன்றைய கணக்கில் ஆறுக்கு ஆறு என்றால் குறையே இல்லை என்று அர்த்தம். வாங்கிய ஒரு 6.0ஐப் பேரன் காலம்வரை சொல்லித் திரிகிறவர்கள் உண்டு; இவர்கள் ஒரே போட்டியில் ஒரு டஜன் அள்ளினார்கள்.

அதே வருஷம் பிராட்டிஸ்லாவாவில் உலகப் போட்டி. நம் ஊரில் கரகம் உச்சத்தில் இருக்கும்போது நாயனமும் தவிலும் திடீரென்று நின்றால் என்ன ஆகும்? ஆடுகிறவர் முறைப்பார், மேளக்காரர் முறைப்பார், நாட்டாமை எழுந்து பஞ்சாயத்து பேசி, விடிந்துவிடும். பிராட்டிஸ்லாவாவில் பாதி ஆட்டத்தில் பாட்டு நின்றது. ஐந்து வருஷம் முன்னால் இதே செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்திருந்தன. அந்தக் கோபத்தை உள்ளூர் ஆள் ஒருவர் ஒலிபெருக்கியில் தீர்த்துக்கொண்டார் என்றொரு பேச்சு உண்டு. டாங்கிக்கு ஈடாகப் பாட்டை நிறுத்துவது, பழிவாங்கல்களில் நாகரிகமானது. ஓரத்தில் நின்ற ஜுக் “ஆடு, ஆடு” என்று கையைக் காட்டினார். பிளேடு ஐஸைக் கீறும் சத்தமும் கூட்டத்தின் கைதட்டலுமாகக் கடைசிவரை ஆடி முடித்தார்கள். மறுபடி ஆட வாய்ப்புத் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றார்கள். தங்கம். இரண்டாவது இடத்தில் யார்? ஸ்மிர்னோவாவும் உலானோவும். மறுவருஷமும் அவர்களுக்கு வெள்ளிதான். காதல் கைகூடியது, முதலிடம் கைகூடவில்லை.

ஜுக்கின் கெடுபிடி போதும் என்று 1974இல் தத்யானா தராசோவாவிடம் பயிற்சிக்கு மாறினார்கள். 1975இல் கல்யாணம், 1976 இன்ஸ்ப்ரூக்கில் தங்கம். 1978இல் இரினாவின் பத்தாவது தொடர் உலகப் பட்டம். நடுவில் வந்த வருஷங்களை எழுதினால் தங்கம், தங்கம் என்று நகைக்கடை விளம்பரமாகிவிடும்.

1979 பிப்ரவரியில் மகன் பிறந்தான். இரினா வீட்டில் இருந்த அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவின் டாய் பாபிலோனியாவும் ரேண்டி கார்ட்னரும் உலகப் பட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒலிம்பிக், அதுவும் அமெரிக்காவின் லேக் பிளாசிடில். சோவியத் படை ஆப்கானிஸ்தானில், அமெரிக்கா கடுப்பில், உள்ளூர்க் கூட்டம் தங்கள் பிள்ளைகள் பக்கம். கைக்குழந்தைக்காரி முப்பது வயசில் வந்து என்ன கிழிப்பாள்? கிழிக்க வேண்டிய வேலையே வரவில்லை. கார்ட்னருக்குத் தொடை இடுக்கில் காயம், ஊசி போட்டும் ஆட்டத்துக்கு முந்தைய ஒத்திகையிலேயே விழுந்து விழுந்து எழுந்தார், ஜோடி விலகியது. இரினா தன் ஆட்டத்தை ஆடி, மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தை வாங்கி, மேடையில் நின்று கண்ணீர் விட்டார். கண்ணீரை நம்பாத ஜுக்கின் சிஷ்யை.

ஆட்டம் முடிந்தது. பின்னாளில் கல்யாணமும் முடிந்தது. 1990 வாக்கில் சோவியத்தின் தங்கமகள் கலிஃபோர்னியாவில் பயிற்சி கொடுக்கப் போனார். அங்கே அவர் தேற்றிய ராட்கா கோவார்ஷிகோவா, ரெனே நோவோட்னி ஜோடி 1995இல் உலக சாம்பியன். எந்த நாட்டு ஜோடி? செக். பாட்டை நிறுத்தியவர் உயிரோடு இருந்திருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

பிறகு நம் ஊர் நட்சத்திரங்களைப் போலவே அரசியல். 2007இல் புதின் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம். 2013இல் அவர் ட்விட்டர் கணக்கில், வாழைப்பழத்தை வைத்து ஒபாமாவை நிறவெறியோடு கேலி செய்யும் ஒட்டுவேலைப் படம் வந்தது. கண்டித்தவர்களுக்குக் கருத்துச் சுதந்திரம் என்று பதில் வந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக் தொடக்கத்தில், ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ட்ரெட்யாக்கோடு சேர்ந்து தீபம் ஏற்றினார். லேக் பிளாசிடில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் தோற்ற அணியின் அதே ட்ரெட்யாக். தீபம் எரிந்ததும் உலகம் பழைய படத்தைத் தோண்டிக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்டார், கூடவே, யாரோ தன் கணக்குக்குள் புகுந்துவிட்டதாகவும் சொன்னார். பிராட்டிஸ்லாவாவில் பாட்டை நிறுத்தினது எவன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆடி முடித்த அதே இரினாதான்.