ஏழாம் மனைவியின் நீல வீடு

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் லீத் தெருவுக்குப் போனால் யாரையும் வழி கேட்க வேண்டாம். சொட்டு நீலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு அலசிய வேட்டி போல ஒரு மாளிகை நிற்கும். இன்று அது 18 அறைகள் கொண்ட ஹோட்டல். அங்கே ஒரு ராத்திரி படுத்தெழுந்தவர்கள் திரும்பிவந்து அதன் ‘பாரம்பரிய அழகு’ பற்றிக் கண்கள் சொருகப் பேசுவார்கள். அந்தப் பாரம்பரியம் என்னவென்று கேட்டால்தான் சுவாரசியம் ஆரம்பமாகிறது.

கட்டியவர் சியோங் ஃபாட் ட்ஸே என்ற ஹக்கா சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. சீனாவிலிருந்து பதின்ம வயதில் வெறுங்கையோடு படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேறினார். தண்ணீர் சுமந்தார் என்பது கதை. பிறகு ஒரு கடைக்காரர் மகளைக் கட்டினார். மாமனார் கைகொடுக்க வியாபாரம் கிளம்பியது. பணக்காரனாக இதைவிடச் சுருக்கமான வழியை எந்தச் சுயமுன்னேற்றப் புத்தகமும் சொன்னதில்லை. சொன்னால் புத்தகம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடுமே!

அப்புறம் தோட்டம், வங்கி, கப்பல், 1892இல் சீனாவின் யான்டாயில் ஒயின் ஆலை. பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதர் பதவி வேறு. கூடவே மனைவிகள், மொத்தம் எட்டு.

நீல வீட்டை ஆண்டவர் ஏழாமவர், தவுக்கேயின் செல்லம். பேத்தி வயது. மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. 38 அறை, 5 முற்றம், 7 மாடிப்படி, 220 ஜன்னல். அத்தனை ஜன்னலையும் தினம் திறந்து மூடியவர்களைப் பற்றியும் கல்வெட்டு கிடையாது.

சுண்ணாம்பு வெள்ளை சீனர்களுக்குத் துக்க நிறம். அதனால் இந்தியாவிலிருந்து அவுரி நீலத்தை வரவழைத்துச் சுண்ணாம்பில் கலந்து பூசினார்கள். இரும்புத் தூண் ஸ்காட்லாந்திலிருந்து, தரை ஓடு இங்கிலாந்திலிருந்து. கூரை அலங்காரம்தான் உச்சம்: நல்ல பீங்கான் கிண்ணங்களை வேண்டுமென்றே உடைத்து, அந்தச் சில்லுகளில் பூவும் பறவையும் ஒட்டினார்கள். நம் வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தால் நடக்கும் விசாரணையை நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் ஃபெங் சுய்ப்படி, அதாவது நம் வாஸ்துவின் சீனத்துப் பங்காளிப்படி. முதுகுக்கு மலை, முகத்துக்குக் கடல். செல்வம் வந்து தங்கும் என்றார்கள். வந்தது. தங்கத்தான் இல்லை.

1916இல் தவுக்கே கண்ணை மூடினார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில். அந்தக் கடைசி மகனோ அப்பா கிழவரான பின் பிறந்தவர். 1989 வரை இருந்தார். ஆக 73 வருஷம் வீட்டை விற்கவும் முடியவில்லை, பராமரிக்கக் காசும் இல்லை. அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். நீலம் உரிந்தது, கூரை ஒழுகியது. தவுக்கே மட்டும் நாற்பது வயதோடு நல்ல பிள்ளையாக நிறுத்தியிருந்தால், 1960களிலேயே இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியிருப்பார்கள். பினாங்கின் மரபுக் காவலர்கள் அவருடைய முதுமைக்காலச் சுறுசுறுப்புக்கு ஒரு சிலையாவது வைக்க வேண்டும்.

மகன் போனதும் உள்ளூர் மரபு ஆர்வலர்கள் சிலர் வாங்கிப் புதுப்பித்தார்கள். 2000இல் யுனெஸ்கோ விருது. இன்று சுற்றுலா வழிகாட்டி ஏழாம் மனைவி கதையைச் சொல்ல, விருந்தினர் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டிய சமாச்சாரம்தான் இப்போது வீட்டுக்கே சோறு போடுகிறது. வெந்நீர்க் குழாயும் மெத்தையும் எந்த ஹோட்டலிலும் கிடைக்கும். இந்த வம்பு கிடைக்காது.

சினிமாக்காரர்கள் விடுவார்களா? 2018இல் வந்த ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ படத்தில் வருங்கால மாமியாரும் மருமகளும் மாஜோங் ஆடும் காட்சியை இங்கேதான் எடுத்தார்கள். எட்டு பேரைக் கட்டியவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மகனுக்கு இந்த ஒருத்தி சரிப்படுவாளா என்று அந்த அம்மாள் யோசித்தது கொஞ்சம் ஓவர்தான்.