கனசதுர வதைப் படலம்: ஓர் ஆய்வு

கணினியில் பொம்மையை அசைக்கக் கற்க விரும்பி பிளெண்டர் மென்பொருளைத் திறப்பவர் எவராயினும், அவர் முன் திரை நடுவே சாம்பல் நிறக் கனசதுரம் ஒன்று தோன்றும். அவர் அதை அழிப்பார். அழித்த கையோடு இன்னொரு கனசதுரத்தை வரவழைத்து அதே இடத்தில் நிறுத்துவார். புதியது பழையதன் அச்சு அசல்: அதே அளவு, அதே நிறம், அதே எட்டு மூலைகள். சங்க இலக்கியத்தில் எந்தப் பறவையை எடுத்தாலும் முனைவர் பட்டம் தரும் நம் ஆய்வுலகம் இந்த விந்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாயா, 3டிஎஸ் மேக்ஸ் முதலியவை இதற்குள் வரமாட்டா. அவற்றைத் திறந்தால் வெறும் கட்டம் போட்ட தரைதான் இருக்கும். அழிக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஆராய என்ன இருக்கிறது? தவிரவும் அவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பிளெண்டர் இலவசம். வதை நிகழ்வது இலவசப் பொருளின் மீதே என்பதையும் அறிஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி, களம். இந்தத் திணைக்கு முதற்பொருள்: நிலம், வலப்பக்க எண் விசைகள் இல்லாத மடிக்கணினி; பொழுது, வீட்டார் உறங்கிய யாமம். கருப்பொருள் மூன்று: கனசதுரம், கேமரா, விளக்கு. உரிப்பொருள், அழித்தலும் அழித்தல் நிமித்தமும். எண் விசைகள் இல்லாமை ஏன் முதற்பொருளில் சேர்ந்தது என்று கேட்பார்க்கு விடை: பாடம் நடத்துபவர் "எண்பலகையில் 1 அழுத்து, முன்பக்கம் தெரியும், 7 அழுத்து, மேலிருந்து தெரியும்" என்கிறார். கற்பவரோ விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள 1-ஐ அழுத்துகிறார். எதுவும் திரும்புவதில்லை. இதற்கு மாற்றாக ஓர் அமைப்பு உள்ளேயே உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பேர் இந்தத் துறையை விட்டே போய்விடுகிறார்கள்.

கனசதுரத்தின் இலக்கணம்: பக்கம் ஒவ்வொன்றும் 2 மீட்டர். மூலைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. அதன் நடுப்புள்ளி உலகின் நடுப்புள்ளியிலேயே அமைந்திருப்பதால் பாதி தரைக்கு மேலும் பாதி தரைக்குக் கீழுமாக நிற்கும். இதைவிட முக்கியமான சேதி ஒன்றுண்டு. மென்பொருள் திறக்கும்போதே அது தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில், சுற்றிலும் ஆரஞ்சுக் கோடு பூண்டு நிற்கிறது. அதாவது, கற்பவர் தெரிந்தோ தெரியாமலோ தட்டும் முதல் விசை அதன் தலையில்தான் விழும். வதைக்கான வித்து இங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். நெதர்லாந்தில் நியோஜியோ என்ற அனிமேஷன் நிறுவனத்தில் டோன் ரோசண்டால் அந்நிறுவனத்தின் சொந்தத் தேவைக்கு எழுதிய கருவிதான் பிளெண்டர். 1994 ஜனவரி 2-ஐ அதன் பிறந்தநாளாகக் கொள்வது மரபு. பின்னர் அதை விற்கவென்று தொடங்கிய வேறொரு நிறுவனம் 2002-இல் இழுத்து மூடப்பட்டது. கடன் கொடுத்தவர்களிடமிருந்து மூலநிரலை மீட்க 1,00,000 யூரோ வேண்டும் என்று ரோசண்டால் உலகத்தாரிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று நிரல் எல்லோருக்கும் உரியதாயிற்று. ஊர்கூடிப் பணம் போட்டு மீட்ட சொத்தைத் திறந்ததும் நாம் செய்யும் முதல் காரியம் அதில் உள்ளதை அழிப்பது!

2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பை வைத்து இவ்வரலாற்றை வலச்சொடுக்குக் காலம், இடச்சொடுக்குக் காலம் என இரண்டாகப் பகுக்கலாம். அதற்கு முன்னே, ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்த வேண்டும். உலகத்தின் பிற மென்பொருள்கள் எல்லாம் இடப்பொத்தானில் இயங்க, இது மட்டும் தனி வழி போயிற்று. புதியவர் பழக்கதோஷத்தில் இடப்பொத்தானை அழுத்தினால், முப்பரிமாணக் குறிமுள் என்ற சிவப்பு வெள்ளை வளையம் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து வரவழைக்கும் பொருள் அந்த வளையம் உள்ள இடத்தில்தான் பிறக்கும். ஆகவே அக்காலத்தார் கனசதுரத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அது கண்காணாத தொலைவில் போய்ப் பிறந்து, "வரவே இல்லையே" என்று அவர்களை மேலும் நான்கைந்து போட வைத்தது. 2.80-க்குப் பிறகு இடப்பொத்தான் வென்றது. ஆனாலும் அமைப்புகளுக்குள் போய் வலத்துக்கே திரும்பிக்கொண்ட பழம்பெருமக்கள் இன்றும் உண்டு. நம்மூர் வலங்கை இடங்கைப் பிணக்குக்கு ஒரு மென்பொருள் வடிவமும் இருந்தது என்பது ஒப்பியல் ஆய்வாளர்க்கு உதவும்.

வதை முறைகளில் இரு பெரும் மரபுகள் உள. எக்ஸ் மரபினர் எக்ஸ் விசையை அழுத்துவர். மென்பொருள், அழிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கும். டெலிட் மரபினர் டெலிட் விசையை அழுத்துவர். அங்கே கேள்வி முறையே இல்லை. பாடம் நடத்துவோர் பெரும்பாலும் எக்ஸ் மரபையே போற்றுகின்றனர்.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதுதான் தத்துவ விசாரணைக்கு உரியது. கற்பவர் கை தவறி டேப் விசையைத் தட்டிவிடுகிறார். கனசதுரம் திருத்தும் நிலைக்குப் போய்விடுகிறது. அது தெரியாமல் எல்லா மூலைகளையும் அழிக்கிறார். திரையில் எதுவும் இல்லை. ஆனால் நடுவே ஒரு சிறு ஆரஞ்சுப் புள்ளி மட்டும் மினுக்கென்று நிற்கிறது. வலப்பக்கப் பட்டியலிலும் 'கியூப்' என்ற பெயர் அப்படியே இருக்கிறது. உடல் போயிற்று, உயிர் போகவில்லை. இந்த நிலையிலேயே அவர் ஒரு கோளத்தையும் ஒரு கூம்பையும் வரவழைத்தால், அவை புதுப் பொருள்களாகப் பிறவா. அந்தப் பழைய உயிருக்கே உடல்களாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வெளியே வந்து கோளத்தை மட்டும் நகர்த்தப் பார்த்தால் கூம்பும் கூடவே வரும். ஆன்மா ஒன்று, உடல் பல என்ற இந்நிலையைச் சித்தாந்திகள் ஏற்பார்களா என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். கற்பவர் ஏற்பதில்லை, கணினியை மூடிவிட்டுப் படுத்துவிடுகிறார்.

நான்காவது, கூண்டோடு கைலாசம். ஏ விசையை அழுத்தினால் எல்லாம் தேர்வாகும். அதன்மேல் எக்ஸ் அழுத்தினால் கேமராவும் விளக்கும் சேர்ந்தே போய்ச் சேரும். விஷயம் அப்போது தெரிவதில்லை. பாடு பட்டு ஏதோ ஒன்றைச் செய்து முடித்து, படமாக எடுக்க எஃப் 12 தட்டும்போதுதான், கேமரா இல்லை என்று மென்பொருள் கைவிரிக்கும். கேமராவை வைத்தால் இருட்டில் இருட்டாக ஏதோ ஒன்று தெரியும். விளக்கையும் நாம்தானே கொன்றோம்!

பிராயச்சித்தம் இல்லாமல் இல்லை. கண்ட்ரோல் இசட் அழுத்தினால் செய்தது மீளும். ஆனால் மென்பொருள் நினைவில் வைத்திருப்பது வழக்கமாக 32 படிகள் மட்டும். அழித்தலின் விளைவு பெரியோரையும் விட்டதில்லை. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகளின் மீது யாரோ ஓர் அழிப்புக் கட்டளையை ஓடவிட, படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்துபோயிற்று. காப்பு நகலும் சரியாக இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற ஊழியரின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

இனிக் காரணம். ஏன் அழிக்கிறார்கள்? களஆய்வுக்காக, எதிர்வீட்டில் டிப்ளமோ படிக்கும் தம்பியின் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்தேன். திறந்தார், எக்ஸ் தட்டினார், கனசதுரம் போயிற்று. ஷிஃப்ட் ஏ அழுத்திப் பட்டியலில் இறங்கி ஒரு கனசதுரத்தைப் போட்டார்.

"ஏம்பா, இருந்ததையே வெச்சுக்கலாமே?"

"அது டீஃபால்ட் சார்."

"இது?"

"இது நான் போட்டது சார்."

ஆய்வுலகம் இவ்விடையை எளிதாகக் கடந்துபோகக் கூடாது. பாடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது, அதனால் செய்கிறார்கள் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது, பாடத்தில் கோப்பை அவ்வப்போது சேமிக்கவும் சொல்லியிருக்கிறது, அதை எவரும் செய்வதில்லை. தரையில் பாதி புதைந்திருப்பது கண்ணை உறுத்துகிறது என்பார் இன்னொரு சாரார். புதிதாகப் போடுவதும் அதே போலப் புதைந்துதான் பிறக்கிறது, ஆகவே அதுவும் பொருந்தாது. உண்மை இதுதான்: நூற்றுக்கணக்கான பொத்தான்கள் நிறைந்த அந்தத் திரையில், புதியவர் தட்டியதும் தட்டியபடி நடக்கும் ஒரே காரியம் அழித்தல். சுட்டி எந்தப் பலகத்தின் மேல் நிற்கிறதோ அதற்கேற்ப ஒரே விசை வேறுவேறு வேலை செய்யும் ஊரில், எக்ஸ் மட்டும் சொன்ன சொல் தவறுவதில்லை. இங்கே எனக்கும் அதிகாரம் உண்டு என்று காட்டிக்கொள்ளும் இடம் அது. குடிபோன வாடகை வீட்டில் முதல் ஆணியை அடிக்கிறோமே, அதே மனம்தான்.

அதிகாரத்தை நிலைநாட்டியவர் அடுத்து என்ன செய்கிறார்? சிலர் சுசான் என்ற குரங்குத் தலையை வரவழைத்துச் சிறிது நேரம் சுற்றிப் பார்க்கிறார்கள். நிறுவனம் மூடப்போகும் தறுவாயில் நிரலர்கள் உள்ளே வைத்துவிட்டுப் போன நினைவுச் சின்னம் அது. பெரும்பாலோர் யூடியூபில் ஆண்ட்ரூ பிரைஸ் என்ற ஆஸ்திரேலியர் நடத்தும் டோனட் பாடத்துக்குப் போகிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் மதுரையிலும் மன்னார்குடியிலும் இருந்துகொண்டு, வாழ்நாளில் டோனட் தின்றிராதவர்கள்கூட அதன்மேல் வண்ணச் சர்க்கரை தூவிக்கொண்டிருப்பது ஏன் என்று விளங்கவில்லை. மெதுவடைக்கும் அதே வளைய வடிவம்தான். மிளகு தூவினால் முடிந்தது. மிச்சமுள்ளோர் நேரே பறக்கும் டிராகனுக்குப் போய், இறக்கைக்கு எலும்பு பூட்டும் இடத்தில் மனமுடைந்து திரும்புகிறார்கள்.

என் துணிபு இது: அசைவூட்டம் கற்க அந்தக் கனசதுரம் ஒன்றே போதும். 1986-இல் பிக்ஸாரின் 'லக்ஸோ ஜூனியர்' குறும்படத்தில் நடித்தவை இரண்டு மேசை விளக்குகளும் பந்துகளும். முகமில்லை, கைகாலில்லை, ஆயினும் எது பெற்றோர், எது பிள்ளை என்று கேட்காமலே தெரிந்தது. அதை இயக்கிய ஜான் லாசெட்டர் மறு ஆண்டே, டிஸ்னியின் பழைய கைவரைபட விதிகளைக் கணினிக்கு எப்படிப் பொருத்துவது என்று ஒரு கட்டுரையும் எழுதினார். பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற டிஸ்னி ஓவியர்கள் 1981-இல் நூலாக்கிய அந்த 12 விதிகளில் முதலாவது, அமுங்குதலும் நீளுதலும். அதைக் கனசதுரமே தாங்கும்.

செய்முறை: ஜி, இசட், 1 என்று தட்டி எண்டர் அழுத்தினால் கனசதுரம் ஒரு மீட்டர் எழும்பித் தரைமேல் ஒழுங்காக உட்காரும். அதன் மூலப்புள்ளி நடுவயிற்றில் இருப்பதால், அமுக்கினால் அடிப்பாகமும் மேலே ஏறிவிடும். ஆகவே அப்புள்ளியை முப்பரிமாணக் குறிமுள் இருக்கும் இடத்துக்கு, அதாவது கனசதுரத்தின் அடிக்கு, மாற்ற வேண்டும். பிறகு முதல் பிரேமில் ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி ஐ விசையால் கீபிரேம் (அந்த நிலையைப் பதிந்துவைக்கும் குறி) வைக்க வேண்டும், 12-ஆவதில் தரை, 23-ஆவதில் மீண்டும் ஒரு மீட்டர். நொடிக்கு 24 பிரேம் என்பது மென்பொருளின் வழக்கம். ஒரு மீட்டர் விழ அரை நொடிக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறத்தாழ 11 பிரேம், என்பது நியூட்டன் கணக்கு.

ஓடவிட்டால் சப்பென்று இருக்கும். இரு கீபிரேம்களுக்கு இடையே மென்பொருள் தானாகப் போடும் வளைகோடு இரு முனையிலும் வேகத்தைக் குறைப்பதால், கனசதுரம் தரையைத் தொடுமுன் பிரேக் போட்டு மெல்ல இறங்கும். புதியவர் இங்கேதான் "எனக்கு இது வராது" என்கிறார். வளைகோட்டுப் பலகத்தில் 12-ஆவது புள்ளியைப் பிடித்து வி தட்டி வெக்டர் என்று மாற்றினால் கீழ்முனை கூராகும்; கனசதுரம் தரையில் மோதி எகிறும். 12-ஆவது பிரேமில் உயரத்தைப் பாதியாக்கி அகலத்தையும் ஆழத்தையும் 1.41 மடங்காக்கினால் கன அளவு மாறாமல் அமுங்கும். 10-லும் 14-லும் பழைய அளவுக்கே கீபிரேம் வைத்துவிட்டால், சாம்பல் நிறப் பெட்டிக்கு எங்கிருந்தோ எடையும் குறும்பும் வந்துவிடும்.

லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இதே இலவச மென்பொருளில், வசனமே இல்லாமல், ஒரு பூனையை வைத்து எடுத்த 'ஃப்ளோ' 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அந்தப் பூனையின் தாவலையும் பிரித்துப் பார்த்தால் எடை, நேரம், அமுங்குதல் என்ற இவையே மிஞ்சும்.

ஆகவே புதியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கனசதுரம் ஒருமுறை ஒழுங்காகக் குதிக்கும் வரை அதன் உயிருக்கு உத்தரவாதம் கொடுங்கள். அதன்பின் வைத்துக்கொள்வதோ அழிப்பதோ உங்கள் இஷ்டம். அழிப்பதானால் டெலிட் வேண்டாம், எக்ஸ் அழுத்துங்கள். அதுவாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யும்.