தொள்ளாயிரம் பாரும் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் காரும்

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதற்கு ஆர்டர் கொடுப்பதைப் பற்றி எழுதியவர்கள் சிலர். ஆர்டர் கொடுக்கும் அந்தக் கலை தூத்துக்குடிக் கடலடியில் பிறந்தது என்று நிறுவும் கட்டுரை இதுவே முதல். (“இதுவே முதல்” என்ற தொடர் இல்லாத ஆய்வேட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் தொடக்கத்திலேயே அந்தக் கடனைக் கழித்துவிடுகிறேன்.) ஆய்வுப்பொருள் இது: போர்ஷே 911 வாங்கப் போகிறவர் காரை வாங்குவதில்லை, ஒரு பட்டியலை வாங்குகிறார். உடலுக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம், சீட் பெல்ட்டுக்கு ஒரு நிறம், இருக்கைத் தோலைத் தைக்கும் நூலுக்கு ஒரு நிறம், சாவிக்கும் பெயின்ட், பெயின்ட் அடித்த சாவி கீறாமலிருக்கத் தோல் பை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இத்தனைக்கும் கார் இன்னும் பிறக்கவில்லை. கண்ணில் படாத பொருளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து, தரம் கண்டு, விலை சொல்லும் பழக்கம் ஸ்டுட்கார்ட்டில் தானாக முளைத்திருக்க முடியாது. அது மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்திலிருந்து, அதாவது முத்துக்குளிப்பிலிருந்து, போனது என்பது என் துணிபு.

பிறர் சொல்லக்கூடியவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். போர்ஷே என்பது பொருநையின் திரிபு என்று யாரேனும் சொன்னால், ஒலி ஒற்றுமை தவிர வேறு சான்று இராது. நம்மூர்ச் சொற்பிறப்பாய்வில் அதுவே தாராளம் என்றாலும் நான் சற்றே உயர்ந்த தரத்தை நாடுகிறேன். கார் நாற்பது ஒரு விலைப்பட்டியல் என்பதும் பொருந்தாது. நாற்பதே அயிட்டம் உள்ள பட்டியல் மலிவுக் காருக்கு உரியது. சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 என்று காலம் கணித்ததைக் காட்டி, காரின் சட்டகமும் அங்கேயே அடிக்கப்பட்டது என்பார்க்கு, இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் இரும்பைப் பெருமளவு கைவிட்டு அலுமினியத்துக்கும் கார்பன் இழைக்கும் போய்விட்டது என்பது விடை. அதே சிவகளைத் தாழியின் நெல்லுக்குக் கார்பன் கொண்டுதானே கி.மு. 1155 என்று காலம் கண்டார்கள், ஆகவே கார்பனும் அங்கே இருந்ததே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் விடை இல்லை. தூத்துக்குடி சிப்காட்டில் 2025 ஆகஸ்டு முதல் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை ஓடுவது பிற்காலத்தது ஆகலின் ஈண்டு வேண்டா.

இனிச் சான்று. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பி விளையும் மேடுகளுக்குப் பார் என்று பெயர். அவற்றுள் பேர்போனது தொள்ளாயிரம் பார். இனி 1963க்கு வாருங்கள். அந்த ஆண்டு பிராங்பர்ட் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே கொண்டுவந்து நிறுத்திய புதுக் காரின் பெயர் 901. தொள்ளாயிரம் புரிகிறது, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? தமிழர் எவரும் இதைக் கேட்கக் கூடாது. வட்டமான எண்ணில் மொய் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை; நூறு என்றால் நூற்றொன்று, ஐந்நூறு என்றால் ஐந்நூற்றொன்று. மறந்துவிடுவோமோ என்று ஒரு ரூபாய்க் காசை ஒட்டியே மொய்க்கவர் விற்கிறார்கள். ஆகவே 901 என்பது தொள்ளாயிரம் பாருக்கு வைத்த மொய். அடுத்து நடந்தது இன்னும் தெளிவு. நடுவில் பூச்சியம் வரும் மூன்று இலக்கப் பெயர் பிரான்சில் தங்களுக்கே உரியது என்று பெஜோ நிறுவனம் முறுக்கிக்கொண்டது. 1964இல் 901 என்பது 911 ஆயிற்று. முறுக்கிக்கொண்டவர் முன் மொய்யில் பத்து ரூபாயைக் கூட்டிச் சமாதானம் ஆவது எந்த நாட்டுப் பழக்கம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலவரிசையும் கைகொடுக்கிறது. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய சலாபங்களின் வரிசை 1961இல் முடிந்தது, அதோடு சரி. 1961இல் இங்கே தொள்ளாயிரம் மறைகிறது, 1963இல் அங்கே தொள்ளாயிரத்து ஒன்று தோன்றுகிறது. இடையில் இரண்டு ஆண்டு எதற்கு என்பவர், முன்பணம் கட்டிவிட்டு இப்படிப்பட்ட காருக்குக் காத்திருக்கும் எவரையேனும் கேட்டுக்கொள்க.

இதே சான்று தமிழிலக்கியத்தின் பழைய வழக்கு ஒன்றையும் தீர்த்துவைக்கிறது. மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரத்தை மூன்று, தொள்ளாயிரம் என்று பிரித்துவிட்டு, மொத்தமே தொள்ளாயிரம் பாட்டா, அரசருக்குத் தொள்ளாயிரமாக 2,700 பாட்டா என்று அறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள். முத்து, தொள்ளாயிரம் என்று பிரித்திருந்தால் சண்டையே இல்லை. அப்படியானால் முத்துத்தொள்ளாயிரம் என்றல்லவா வர வேண்டும், இடையில் எழுத்து எங்கே போயிற்று என்று இலக்கணப் புலவர் எழுவார். எடைக்குறைப்பு, ஐயா, பின்னால் வருகிறது. கிடைத்திருப்பவை நூற்றுச் சொச்சம் பாட்டுகளே. மற்றவை அழிந்தன என்பது பொது நம்பிக்கை. அவை பட்டியலில் இருந்தன, வாங்கியவர் டிக் அடிக்கவில்லை என்பது என் முடிவு. (விரிவுக்கு: என் ‘சிப்பியும் சேஸிஸும்’, தொகுதி 2, பக். 411, நூல் இன்னும் எழுதப்படவில்லை, பக்க எண் மட்டும் உறுதி.)

பாரின் பெயரும் காரின் எண்ணும் ஒத்துப்போவது தற்செயல் என்று தடை எழுப்பலாம். பானை ஓட்டுக் கீறல் இரண்டு ஒத்திருப்பதை வைத்து நாகரிகம் இரண்டை முடிச்சுப்போடலாம் என்றால், இலக்கம் ஒத்திருப்பதை வைத்து ஊர் இரண்டை முடிச்சுப்போடக் கூடாதா? போர்ஷே ஆவணம் எதிலும் தூத்துக்குடி இல்லையே என்றும் கேட்கலாம். எடுத்துக்கொண்டு போனவர் எழுதி வைத்துவிட்டா போவார்? சான்று இல்லாததே இங்கே ஆகப் பெரிய சான்று. இந்த ஒரு விதி இல்லையேல் பல்கலைக்கழகங்களில் பாதித் துறைகளுக்கு வேலை இராது. (மேலும் காண்க: மேற்படி நூல், தொகுதி 3, பின்னிணைப்பின் பின்னிணைப்பு, அடிக்குறிப்பு 14, அது அடிக்குறிப்பு 9ஐப் பார்க்கச் சொல்லும், 9 திரும்பவும் 14ஐ.)

பெயரை விட்டுத் தொழிலைப் பார்ப்போம். சலாபத்தில் கரை சேர்ந்த சிப்பியைத் திறந்து காட்டி விற்பதில்லை. ஆயிரம் ஆயிரமாக எண்ணி, மூடிய சிப்பியாகவே ஏலம். எடுத்தவர் கையில் இருப்பவை ஓடும் நாற்றமும் நம்பிக்கையும். கணினித் திரையில் சுழலும் காரைப் பார்த்துக்கொண்டு முன்பணம் கட்டுகிறவரிடமும் இவையே, நாற்றம் நீங்கலாக. பிறகு முத்து வெளிவந்ததும் பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. அளவு பிரித்தபின் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். தூளையும் எறிவதில்லை, அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையில் தடவிய செல்வர் இருந்தார்கள். கார்ப் பட்டியலில் அந்தச் சுண்ணாம்பின் இடத்தில் சாவிக்கு அடிக்கும் பெயின்ட் இருக்கிறது. விலைக் கணக்கில் மட்டும் ஒரு முரண். முத்தின் எடையை மஞ்சாடியில் கண்டு, அதை அதனாலேயே பெருக்கி, முக்கால் எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது பழைய முறை; எடை இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்கு. ஸ்போர்ட்ஸ் காரில் எடை குறையக் குறைய விலை ஏறும். மக்னீசியச் சக்கரம் போட்டால் சில கிலோ இறங்கும், விலை லட்சங்களில் ஏறும். கதவின் உள்பிடியைக் கழற்றிவிட்டு ஒரு துணி வாரைத் தைத்துவிட்டால் அதற்குப் பெயர் பந்தயப் பரம்பரை. நம்மூர் ஆட்டோவில் தைத்தால் ரிப்பேர். முரண் மேலோட்டமானது. முத்துக் குளிப்பவர் கல்லில் கால் வைத்து இறங்குவார், கல்லை விட்டுவிட்டு ஏறுவார். நம் வணிகர் இறங்கும்போது பார்த்துக் கணக்கு எழுதினார், ஜெர்மானியர் ஏறும்போது பார்த்து எழுதினார்.

இதில் விளையாட்டுக்கே இடமில்லாத சான்று ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தூத்துக்குடிச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. இன்று 40,000 டாலருக்கு மேற்பட்ட காரை முழு வண்டியாக இறக்கினால், 2025 பட்ஜெட்டின்படி அடிப்படைச் சுங்கவரி 70 விழுக்காடு, வேளாண் உள்கட்டமைப்புக்கான மேல்வரி 40. கார் நூறு ரூபாய் என்றால் துறைமுகத்தைத் தாண்டும்போது 210. அதன்மேல், 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குரிய ஜிஎஸ்டி 40 விழுக்காடு, அதாவது 84. மொத்தம் 294. இதில் அரசு எடுத்தது 194. வகுத்துப் பாருங்கள்: 0.66. சாலை வரியைத் தொடவே இல்லை, அதற்குள் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. வெள்ளையர் போய் காங்கிரஸ் வந்து யார் யாரோ வந்தும் பங்கு மாறாமல் இருப்பது மரபுத் தொடர்ச்சி அல்லாமல் வேறென்ன? கடலில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொன்ன கடல்கட்டிக்கும் அன்று சிப்பியில் பங்கு இருந்தது. ஷோரூம் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவருக்குத் தட்டில் விழுவது அந்தப் பங்கின் மிச்சம்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம்: ஃபியூஸ் பெட்டியின் மூடி. காலடியில், கதவோரம் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. இதற்குத் தோலுறை போட்டு, ஓரம் தைத்துத் தருவது போர்ஷே பட்டியலில் உண்மையாகவே இடம்பெற்றிருக்கிறது. இதைக் காண வாய்ப்புள்ளவர் இருவரே: மெக்கானிக், எலி. எலிக்குத் தோல் உணவு. மெக்கானிக் அதைக் கழற்றி எதன்மேலாவது குப்புற வைத்துவிட்டு ஃபியூஸைத்தான் பார்ப்பார். அப்படியிருக்க இதற்குப் பணம் கொடுப்பது ஏன் என்ற கேள்விக்குப் பொருளியலில் விடை இல்லை, சிப்பியில் இருக்கிறது. மணல் உறுத்தி முத்தாகிறது என்பது பள்ளிக்கூடக் கதை. பெரும்பாலும் ஓர் ஒட்டுண்ணியோ மேலுறைத் திசுவில் பட்ட காயமோதான் காரணம். உறுத்தலைத் துப்ப முடியாத சிப்பி, யாரும் பார்க்காத இருட்டில், அதன்மேல் அடுக்கடுக்காகப் பளபளப்பைப் பூசுகிறது. கார் வாங்குபவரின் உறுத்தல் என்ன? பணம் அன்று. இதே கார் இன்னொருவரிடமும் இருக்கிறது என்பது. அந்த எண்ணத்தின்மேல் முதல் பூச்சு நூலின் நிறம், அடுத்தது காற்றுத் துவாரத்தின் தகடுகளுக்குத் தோல், கடைசிப் பூச்சு ஃபியூஸ் மூடி. உறுத்தல் தானாக விழக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 1973 ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருமணியை வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டினார்கள். விற்பனையாளர் குரலைத் தாழ்த்தி, “சார், போன வாரம் ஒருத்தர் இதே கலர்ல எடுத்தாரு” என்று சொல்வது அதே அறுவை சிகிச்சை.

முத்து வெண்மை என்ற பெயின்டில் முத்தே இல்லையே என்பது கடைசித் தடை. உண்மைதான். அது அப்பிரகச் செதில்களின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசியது. அதற்கு முன் 17ஆம் நூற்றாண்டுப் பாரிசில் மீன் செதிலை அரைத்தே போலி முத்துக்கு மினுக்கம் ஏற்றினார்கள். ஆனால் டைட்டானியம் எதிலிருந்து வருகிறது? இல்மனைட்டிலிருந்து. இல்மனைட் எங்கே கிடக்கிறது? இதே கரையின் கடல் மணலிலும் தேரி மணலிலும். கடலில் முத்து நின்றுபோன ஊர், மணல் வழியாகக் காருக்கு முத்து நிறம் தரக் காத்துக்கிடக்கிறது. இதைவிட நேரான வம்சாவளி மன்னர்களுக்கே கிடையாது. இவ்வளவு தொடர்பிருந்தும் அந்தக் கார் இந்த ஊர்த் தெருவில் கண்ணில் படுவது ஏன் அரிது என்றால், வேகத்தடை. முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித் தரும் கருவியும் பட்டியலில் உண்டு, தனி விலைக்கு. தூத்துக்குடி நெடுஞ்சாலையின் வல்லநாட்டுப் பாலத்தில் மாதத்துக்கு ஓர் ஒட்டு விழும் காலத்திலும் அது போதுமா என்பது கள ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் செய்வேன்.

‘சிப்பியும் சேஸிஸும்’ நூலுக்கு முன்பதிவு நடக்கிறது. அட்டைத் தோலின் நிறமும் தையல் நூலின் நிறமும் வாசகரே தேர்ந்துகொள்ளலாம், தனி விலை. பக்க எண்களுக்குப் பெயின்ட் தனி. முதுகுப் பசை இருக்கும் இடத்துக்குத் தோலுறை கேட்பவர்கள் சீக்கிரம் எழுதவும். அடிக்குறிப்புகளை நீக்கி எடை குறைத்த பதிப்பு விலை கூடுதல். பக்கங்களையே நீக்கிய பதிப்பின் விலையை நேரில் பேசிக்கொள்ளலாம்.