நல்லா இருக்கேன் சாமி!

வா மாப்ளே. வெயில் விழுற பக்கமாப் பாத்து உக்காரு. மேகம் இறங்குறதுக்குள்ள பேசி முடிச்சிருவோம்.

ஊனச் சான்று முகாமுல 30 சதவீதம்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்களாமே? அவங்களைத் திட்டாத. மொத நாளே முடிவெட்டி, சவரம் பண்ணி, பொட்டிக்குள்ள கெடந்த சரிகை வேட்டியக் கட்டிக்கிட்டு, நெத்தி நெறைய விபூதி பூசிட்டுப் போனியாம். ஒடம்பக் காட்டப் போனியா, பொண்ணு பாக்கப் போனியா? கைத்தடிய வாசல்ல சாத்தி வச்சிட்டு, சொவத்தப் பிடிக்காம நாலு எட்டு நடந்து வேற காட்டினியாம். டாக்டர் ‘எப்படி இருக்கீங்க பெரியவரே’ன்னு கேட்டதுக்கு, ‘முருகன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல, நல்லா இருக்கேன் சாமி’ன்னு கும்பிடு போட்டியாம். நல்லா இருக்கிறவனுக்கு 30 போட்டதே அந்த மனுசனோட தாராளம்.

பத்தாங்கிளாஸ்ல 35 வாங்குனாப் பாஸு. இங்க பணம் வாங்க 40 வேணும். நீ அங்கயும் ஃபெயிலு, இங்கயும் ஃபெயிலு.

சரி, மொகத்தத் தூக்கி வச்சுக்காத. கணக்கக் கேளு. 1962ல காமராசர் ஆட்சியில முதியோர் பணம் ஆரம்பிச்சப்ப மாசம் 20 ரூவா. அது ஏறி ஏறி, 2023 ஆகஸ்ட்டுல 1200 ஆச்சு. மாற்றுத்திறனாளிப் பணம் அதே வருசம் ஜனவரியிலயே 1000த்துல இருந்து 1500க்குப் போயிருச்சு. மத்தவங்களுக்குக் குடுக்கிறதவிட இவங்களுக்குக் கால்வாசியாச்சும் கூடக் குடுக்கணும்னு 2016ல போட்ட சட்டத்துலயே எழுதியிருக்கு. 1200ல கால்வாசி 300. கூட்டிப் பாரு, 1500 வருதா? டீச்சருக்குப் படிக்கிற என் பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். ரெண்டு பணத்தையும் சேத்து வாங்கிரலாம்னு மட்டும் கனாக் காணாத. ஒரு ஆளுக்கு ஒரு எலைதான்.

‘கை நீட்டி வாங்குறதா’ன்னு கேக்குற. பழனிக்குப் பங்குனி உத்தரத்துக்குப் போறியே, போன தடவ மலை ஏறுனது படியிலயா, வின்ச்சுலயா? வின்ச்சுலதான. கூட ரோப் காரு வேற ஓடுது. முட்டி தேஞ்ச பக்தனும் வரட்டும்னுதான் வச்சிருக்கு. வின்ச்சுல வந்தவனுக்கு முருகன் அரைக்கண்ணாலயா தரிசனம் குடுத்தாரு? கவருமெண்டு பணமும் அப்படித்தான். நீ படியேறுன காலமெல்லாம் தீப்பெட்டியிலயும் மண்ணெண்ணெயிலயும் வரி கட்டினவன் தான.

அதுக்காக நடிக்கவும் போயிராத. நம்ம பக்கத்து ஊருக்காரர் ஒருத்தர், பேரு வேணாம், எடது முட்டிய டாக்டர்கிட்டக் காட்டிட்டு வலது கால நொண்டிக்கிட்டே வெளிய வந்தாரு. வந்தவரு மன்னவனூர் கடைசி பஸ்ஸு கெளம்புறதப் பாத்ததும் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடினாரு பாரு ஒரு ஓட்டம்! முகாம் ஆளுங்க பூராம் எதுத்தாப்புல டீக்கடையில நிக்கிறாங்க. பஸ்ஸப் பிடிச்சிட்டாரு, பணத்த விட்டுட்டாரு. கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத. நீ கொறச்சுச் சொல்றதும் பொய்தான் மாப்ளே. கௌரவமான பொய்யி, அவ்வளவுதான்.

இன்னொன்னு. கால மட்டும் காட்டுன, காதக் காட்டுனியா? நான் கூப்புட்டா மூணாவது கொரலுக்குத்தான் திரும்புற. 1995ல போட்ட பழைய சட்டத்துல ஏழு வகை ஊனந்தான். புதுசுல 21. காது மந்தம், பார்வைக் கொறவு, கை நடுக்குற பார்க்கின்சன் எல்லாம் அதுல இருக்கு. ரெண்டு கொறை இருந்தாச் சேத்து எடை போடுவாங்க. காலுக்கு 30, காதுக்கு 20 வருதுன்னு வையி. கூட்டுனா 50ன்னு துள்ளாத. அதுக்குன்னு தனி வாய்ப்பாடு இருக்கு, பேத்தி போட்டுப் பாத்துட்டு 43ன்னா. 43ன்னாலும் பாஸு தான. குடுத்த சதவீதம் சரியில்லேன்னா மேல்முறையீடு பண்ணவும் சட்டத்துல வழி இருக்கு. இங்க திண்ணையில வந்து பொலம்புறதுக்குப் பேரு மேல்முறையீடு இல்ல.

காகிதம் சேக்கிறது தனிக் கூத்து. ஆதாரு, ரேஷன் கார்டு, பேங்க் புக்கு, போட்டோ. எல்லாத்துலயும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வையி. ஆதாருல என்ன தேதி போட்டிருக்குன்னு பாரு. நம்ம ஊருக் கெழடு கட்டைக எல்லாம் ஜனவரி 1ஆம் தேதி பொறந்ததுகதான். அன்னிக்கி மட்டும் இந்த மலையில மருத்துவச்சிக்கு மூச்சு விட நேரம் இருந்திருக்காது. ஊனச் சான்றுக்கும், அந்த நாடு பூராம் செல்லுற அடையாள அட்டைக்கும் மனுப் போடக் காசு கெடையாது. எவனாச்சும் ‘நான் முடிச்சுத் தாரேன்’னு ஐநூறு கேட்டா, ‘மொதல்ல உன் முதுகெலும்புக்குச் சர்டிபிகேட் இருக்கா’ன்னு கேளு. சான்று கைக்கு வந்ததும் இ-சேவை மையத்துல பதிவு பண்ணு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வந்து விசாரிப்பாங்க. அப்புறம் தாசில்தாரு. நடுவுல எங்கயாச்சும் மனு தூங்கிப்போச்சுன்னா, திங்கக்கெழமை திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் நடக்கும், நேரா போயி நில்லு. அன்னிக்காச்சும் ‘நல்லா இருக்கேன்’னு சொல்லித் தொலைக்காத.

பணம் வந்தாலும் இன்னொரு கண்டம் இருக்கு. வெரல வையின்னு மெஷின நீட்டுவாங்க. அம்பது வருசம் பூண்டு உரிச்சு, கேரட்டு கழுவின வெரலு. ரேகை எங்க இருக்கு? மெஷினு ‘இந்தாளு இல்ல’ன்னு சொல்லிரும். கண்ணக் காட்டுன்னா, கண்ணுல பொரை. உசுரோட உக்காந்திருக்கும்போதே, நாந்தான் நானுன்னு சாட்சி தேடுற காலம் இது. ஆதாருல கைரேகைய இப்பமே புதுப்பிச்சு வையி.

கடைசியா ஒண்ணு, இதக் காதுல வாங்கு. நல்ல காதத் திருப்பு.

ரோடு இல்லாத காலத்துல, நம்ம மலை ஊரு வெள்ளகெவியில ஒடம்புக்கு முடியாதவங்களை டோலி கட்டித்தான் வட்டக்கானலுக்குத் தூக்கிட்டு வருவாங்க. டோலியில கெடக்குறவருக்கு ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுவாங்க. தூக்கிட்டு வந்தவன் தோளு கன்னிப்போயிருக்கேன்னு எவன் பாத்தான்? உன் வீட்டுலயும் ஒரு டோலி ஓடுது மாப்ளே. வெள்ளன எந்திரிச்சு வெந்நீ வச்சு, உன்ன எழுப்பி உக்கார வச்சு, சட்டை மாட்டி, கக்கூசு வரைக்கும் தோள் குடுத்துக் கூட்டிட்டுப் போறது யாரு? என் தங்கச்சி. ரொம்ப முடியாதவங்களைப் பாத்துக்கிறவங்களுக்குன்னு ஒரு படி குடுக்கணும்னு அதே 2016 சட்டத்துல 24ஆவது பிரிவு சொல்லுது. நீ அந்த அளவுக்கு விழல, அதனால அது இப்ப உனக்கு இல்ல. திண்டுக்கல்ல மாற்றுத்திறனாளிகள் நல ஆபீஸ் ஒண்ணு இருக்கு. படுத்த படுக்கையா ஆளு கெடக்குற வீட்டுக்காரங்களை அங்க போயிக் கேக்கச் சொல்லு.

நீ செய்ய வேண்டியது வேற. அடுத்த முகாமுக்கு அவளையும் கூட்டிட்டுப் போ. டாக்டர் ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டா வாயத் தெறக்காத, அவ சொல்லட்டும். நீ எத்தன தடவ ராத்திரி எந்திரிக்கிற, எந்தப் பக்கம் சாயுற, சட்டைப் பித்தான் போட எம்புட்டு நேரம் ஆகுதுன்னு உனக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பணம் வந்ததும் யாரு கையில குடுக்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவ பேருலயும் ஒரு கணக்கு ஆரம்பிச்சு வையி. அதுக்கு முன்னாடி அவ வெரலு மெஷின்ல விழுதான்னு பாத்துக்க. உன் வேட்டியத் தொவச்சுத் தொவச்சே அதுவும் தேஞ்சு போயிருக்கும்.